பஞ்செஸ்டவுன் நெடுங்கல்லும் அதன் காலடி மண்ணும்

கேள்வி இது: "அயர்லாந்தில் கில்டேர் கவுண்டிக்குக் குடிவந்திருக்கிறேன். பஞ்செஸ்டவுன் குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டிய வயலில் ஓர் உயரமான கல் தனியாக நிற்கிறது. எழுத்து இல்லை, சிற்பம் இல்லை. ஆனால் அரசு பாதுகாக்கும் தொல்சின்னம் என்கிறார்கள். யார் நிறுத்தியது, வயதை எப்படிச் சொல்கிறார்கள், ஒரு வெறும் கல்லுக்கு எதற்குச் சட்டப் பாதுகாப்பு?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. அங்கே சட்டம் காப்பாற்ற நினைப்பது கல்லோடு சேர்த்து அது ஊன்றியிருக்கும் குழியையும், குழியைச் சுற்றிய மண்ணையும்தான். இந்தக் கல்லைப் பற்றியும் இதைப் போன்ற மற்ற கற்களைப் பற்றியும் இன்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிற விஷயங்களில் பெரும்பகுதி அந்த மண்ணிலிருந்து வந்தது. கல் ஒன்றும் சொல்வதில்லை. அதைப் பிடுங்கி ஓர் அருங்காட்சியக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அழகான கிரானைட் தூண் ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான்.

சரி, கல்லைப் பார்ப்போம். நேஸ் ஊருக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. அயர்லாந்தில் நிற்கும் ஒற்றைக் கற்களில் மிக உயரமானவற்றில் இதுவும் ஒன்று. கீழே கனமாகத் தொடங்கி மேலே போகப் போக மெலிந்து கூராகிறது. மொத்த நீளம் 7 மீட்டர், எடை 9 டன்னுக்குக் குறையாது. தரைக்கு மேலே தெரிவது ஏறக்குறைய 6 மீட்டர். அதாவது இரண்டு மாடி வீட்டு உயரத்துக்கு நிற்கும் கல்லுக்கு மண்ணுக்குள் இருக்கும் பிடிமானம் சுமார் ஒரு மீட்டர்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல் கிரானைட். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் தெரிகிற விக்லோ மலைகள் கிரானைட் மலைகள்தான். பனி யுகத்தில் அந்த மலைகளிலிருந்து நகர்ந்த பனியாறுகள் பெரிய பெரிய பாறைகளை அடித்துக்கொண்டு வந்து தாழ்நிலத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. ஆகவே மனிதர்கள் இந்தக் கல்லை மலையிலிருந்து இழுத்து வந்திருக்கலாம், அல்லது பனியாறு ஏற்கெனவே சமவெளியில் போட்டுவிட்டுப் போன பாறை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். எப்படி இருந்தாலும் 9 டன்னைக் கயிறும் மரத்தடிகளும் மனித பலமும் கொண்டு நகர்த்தி, குழி தோண்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை. பல குடும்பங்கள் சேர்ந்து, வயல் வேலையையும் மாடுகளையும் விட்டுவிட்டு வந்து, வேலை முடியும்வரை அத்தனை பேருக்கும் சோறு போட்டு, ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டு நடந்திருக்க வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு அந்தச் சமூகத்தில் இருந்தது என்பதே இந்தக் கல் தரும் முதல் தகவல். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

1931-ல் இந்தக் கல் விழுந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம்தான், 1930-ல், விடுதலை பெற்ற அயர்லாந்து தன்னுடைய தேசியச் சின்னங்கள் சட்டத்தை இயற்றியிருந்தது. விழுந்த கல்லைத் தரையில் வைத்து அளந்தபோதுதான் முழு நீளமும் சரியாகத் தெரிந்தது. 1934-ல் மறுபடியும் நிமிர்த்தி நிறுத்தினார்கள். கல் ஊன்றியிருந்த இடத்தை அப்போது பார்த்தபோது அங்கே ஒரு கற்பதுக்கை வெளிப்பட்டது. பலகைக் கற்களைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துப் பெட்டி போலச் செய்து, இறந்தவரின் உடலையோ எரித்த எலும்பையோ உள்ளே வைத்து மூடும் சிறிய கல்லறை அது. அயர்லாந்தில் இந்த வகைக் கல்லறைகள் வெண்கலக் காலத்தின் முற்பகுதியில், சுமாராகச் சொன்னால் கிமு 2200-க்கும் 1700-க்கும் இடையில் பரவலாக இருந்தவை.

இந்தக் கல்லை வெண்கலக் காலத்தோடு சேர்த்துச் சொல்வதற்கான முக்கிய ஆதாரம் இதுதான். எத்தனையோ நூற்றாண்டுகளாக ஆயிரக்கணக்கான பேர் அந்தக் கல்லைக் கடந்து போயிருக்கிறார்கள். அதன் காலடியில் கல்லறை இருப்பது கல் விழுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. விழுந்த இடத்தை யாராவது அவசரமாகக் கிளறி, கல்லைச் சங்கிலி போட்டு ஓரமாக இழுத்துப் போட்டு, குழியை மூடி உழுதிருந்தால் அந்தத் தகவல் எவருக்கும் கிடைத்திருக்காது.

இங்கே ஒரு கவனம் தேவை. கல்லறையும் கல்லும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே நாளில் வந்தவை என்று ஆகிவிடாது. முன்பே இருந்த கல்லறையின் மேல் பிற்காலத்தவர் கல்லை நட்டிருக்கலாம். முன்பே நின்ற கல்லைப் புனிதமாக நினைத்து அதன் நிழலில் பிறகு யாரையாவது அடக்கம் செய்திருக்கலாம். கல்லறையின் குழி கல்லின் குழியை வெட்டுகிறதா, கல்லின் குழி கல்லறையை வெட்டுகிறதா என்று மண் அடுக்குகளைப் பார்த்துத்தான் இதைப் பிரித்துச் சொல்ல முடியும். மண் கலைந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். தொல்லியலாளர்கள் ஒரு சாண் மண்ணுக்காகச் சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான்.

பஞ்செஸ்டவுன் கல் தனிப்பிறவியும் இல்லை. நேஸைச் சுற்றியுள்ள நிலப்பரப்பில் இப்படிப்பட்ட நெடுங்கற்கள் பல இருக்கின்றன. பக்கத்திலேயே கிராடக்ஸ்டவுனில் ஒன்று நிற்கிறது. நேஸுக்கு வடகிழக்கே ஃபர்னஸில் நிற்பது இன்னும் முக்கியமானது. 5 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்தக் கிரானைட் கல்லைச் சுற்றி வட்டமாக மண் கரை எழுப்பி, கரைக்கு உள்பக்கம் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். காவலுக்கான கோட்டையாக இருந்தால் பள்ளம் வெளிப்பக்கம் இருக்கும். உள்ளே பள்ளம் என்றால் அது சடங்குக்கான இடம். 1912-ல் அங்கே மக்காலிஸ்டர், ஆம்ஸ்ட்ராங், பிரேகர் ஆகிய மூவரும் அகழாய்வு செய்தார்கள். மக்காலிஸ்டர் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் கெல்டியத் தொல்லியல் பேராசிரியர். பிரேகர் அயர்லாந்து இயற்கையியலில் பெரிய பெயர். கல்லின் அடியை ஒட்டி ஒரு கல்லறை இருந்தது. எரித்த மனித எலும்புகள், மண்பாண்டச் சில்லுகள், அவற்றோடு கல்லால் செய்த மணிக்கட்டுப் பட்டை ஒன்றின் உடைந்த துண்டும் கிடைத்தன.

அந்தத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வில்லில் நாண் தெறிக்கும்போது உள் மணிக்கட்டில் அடி விழாமல் இருக்க வில்லாளிகள் கட்டிக்கொள்ளும் தட்டையான பட்டை அது. ஐரோப்பாவின் மேற்குப் பகுதி முழுவதும் கிமு 2500-க்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளில் இந்தக் கல் பட்டைகள் கிடைக்கின்றன. செம்பு உருக்கும் அறிவு அயர்லாந்துக்கு வந்து சேர்ந்த காலமும் அதுவே. தென்மேற்கே கில்லார்னி ஏரிக்கரையில் ராஸ் தீவில் கிமு 2400 வாக்கில் செம்புச் சுரங்கம் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே ஃபர்னஸ் கல் வெறும் கல்லாக இல்லாமல், உலோகம் புதிதாக வந்த ஒரு காலத்தில், வில்லும் அம்பும் மதிப்பின் அடையாளமாக இருந்த மனிதர்களோடு சேர்ந்து நமக்குத் தெரிகிறது. இவ்வளவும் காலடியில் கிடைத்த கைப்பிடி அளவுப் பொருட்களால்.

இனி வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்ற கேள்வி. கல்லின் வயதை அளப்பதில் பயனில்லை. அந்தக் கிரானைட் உருவாகி 40 கோடி வருடங்கள் ஆகின்றன. நமக்குத் தெரிய வேண்டியது அது நிறுத்தப்பட்ட காலம். கார்பன்-14 முறை கல்லுக்கு உதவாது, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் உதவும். குழிக்குள் கரித்துண்டோ எலும்போ கிடைத்தால் அதை அளக்கலாம். இதிலும் பெரிய தடை ஒன்று இருந்தது. அயர்லாந்தின் வெண்கலக் காலக் கல்லறைகளில் கணிசமானவை எரியூட்டிய கல்லறைகள். எலும்பு எரியும்போது அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் அழிந்துவிடும், பழைய முறையில் அளக்க அதுதான் தேவை. 1990-களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வகத்தில் வேறு வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதிக வெப்பத்தில் வெந்து வெளுத்த எலும்பின் கனிமப் பகுதிக்குள்ளேயே சிறிதளவு கார்பன் பத்திரமாக இருக்கிறது, அதை அளக்கலாம் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. அதன்பிறகு, பல பத்தாண்டுகளுக்கு முன் தோண்டி எடுத்து அருங்காட்சியகப் பெட்டிகளில் வைத்திருந்த எரிந்த எலும்புகளுக்குக்கூடத் தேதி சொல்ல வழி பிறந்தது.

இன்னொரு முறையில் குழிக்குள் இருக்கும் மணல் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தன என்று கணிக்கிறார்கள். குழியை மூடிய நாளோடு அந்தத் துகள்கள் இருட்டுக்குள் போய்விடுகின்றன. அன்றிலிருந்து சுற்றியுள்ள மண்ணின் இயற்கையான கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கின்றன. அதை ஆய்வகத்தில் அளந்தால் எவ்வளவு காலம் இருட்டில் இருந்தன என்று தெரியும். மண்வெட்டியால் ஒருமுறை அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்தத் துகள்களின் கணக்கு அழிந்துபோகும். இன்று இல்லாத முறைகள் நாளை வரும், அவற்றுக்கும் கலையாத மண் வேண்டும். அதனால்தான் அங்கே அகழாய்வு அனுமதி கேட்டாலும் எளிதில் கொடுப்பதில்லை. தோண்டுவதும் ஒரு வகையில் அழிப்பதுதான்.

எதற்காக நிறுத்தினார்கள்? இதற்கு ஒரே பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். அயர்லாந்தில் நிற்கும் ஒற்றைக் கற்கள் எல்லாம் ஒரே காரணத்துக்காக, ஒரே காலத்தில் வந்தவை இல்லை. சில கற்கள் கல்லறையைக் காட்டும் அடையாளம், பஞ்செஸ்டவுனும் ஃபர்னஸும் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. சில கற்கள் எல்லைக்கல். பழைய ஐரிஷ் சட்ட நூல்களில் நிலத்தின் எல்லையைக் காட்டும் அடையாளங்களில் நிற்கும் கல்லும் வருகிறது. சில பாதைகளையும் ஆற்றுத் துறைகளையும் காட்டியிருக்கலாம். கிபி 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஓகம் என்ற எழுத்தில், கல்லின் விளிம்போரமாகக் கோடு கோடாக வெட்டி, இன்னாரின் மகன் இன்னார் என்று பெயர் பொறிக்கும் வழக்கம் வந்தது. அதற்குப் புதிதாகக் கற்களை நட்டார்கள். ஏற்கெனவே நின்ற பழைய கற்களையும் எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு கல்லே இரண்டாயிரம் வருட இடைவெளியில் இரண்டு வேலை பார்த்திருக்கிறது. அப்புறம், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மாடுகள் முதுகைச் சொறிந்துகொள்வதற்காக விவசாயிகள் வயலின் நடுவில் நட்ட கற்களும் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் இவற்றைப் பிரித்துச் சொல்வது கடினம். எது எந்த வகை என்று தீர்ப்பது மறுபடியும் மண்தான்.

சூரியன், சந்திரன், நட்சத்திரம் பற்றி உறுதியாகப் பேசும் கட்டுரைகள் இணையத்தில் நிறைய வருகின்றன. கற்கள் வரிசையாகவோ ஜோடியாகவோ வட்டமாகவோ நிற்கும்போது அந்தப் பேச்சில் பொருள் உண்டு. கார்க், கெர்ரி பகுதிகளில் உள்ள கல் வரிசைகள் பெரும்பாலும் வடகிழக்கு-தென்மேற்காக நிற்கின்றன என்பதை முறையாக அளந்து காட்டியிருக்கிறார்கள். கார்க்கில் உள்ள டிராம்பெக் கல் வட்டம் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளின், அதாவது வருடத்தின் மிகக் குறுகிய பகல் கொண்ட நாளின், சூரிய மறைவைப் பார்த்து நிற்கிறது. ஆனால் ஒற்றைக் கல்லுக்குத் திசை ஏது? ஒரு கோடு போட இரண்டு புள்ளிகள் வேண்டும். தனியாக நிற்கும் கல்லிலிருந்து யாரும் தமக்குப் பிடித்த மலையுச்சிக்கோ சூரிய உதயத்துக்கோ கோடு போட்டுக்கொள்ளலாம், அது எதையும் நிரூபிக்காது. பஞ்செஸ்டவுன் கல்லை வானியலோடு முடிச்சுப் போடுவதை நான் ஏற்பதில்லை.

கதைகள் வேறு விஷயம். அவற்றை ஒதுக்கித் தள்ளக் கூடாது, ஏனென்றால் கல் இவ்வளவு காலம் பிழைத்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஊர்க்கதைப்படி ஐரிஷ் வீரன் ஃபின் மெக்கூல், மேற்கே உள்ள ஆலன் குன்றின் மேல் நின்று தன் மனைவியின் மேல் கோபத்தில் வீசிய கல் இது. இன்னும் பழைய எழுத்து ஆதாரம் 12-ஆம் நூற்றாண்டில் வருகிறது. இங்கிலாந்து இளவரசர் ஜானோடு 1185-ல் அயர்லாந்துக்கு வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட், தான் எழுதிய அயர்லாந்து வருணனையில், கில்டேர் சமவெளியில் நேஸ் கோட்டைக்கு அருகே அரக்கர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய அதிசயக் கற்கள் இருந்தன, அவற்றை மந்திரவாதி மெர்லின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அதே போன்ற சில கற்களை இன்றும் அங்கே பார்க்கலாம் என்கிறார். மெர்லின் கொண்டுபோனதாக அவர் சொல்வது இங்கிலாந்தில் உள்ள பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் கற்களை. அது உண்மையில்லை. ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் இங்கிலாந்திலேயே அருகில் கிடைத்தவை, சிறிய நீலக்கற்கள் வேல்ஸின் பிரெசெலி மலைகளிலிருந்து வந்தவை, நடுவில் கிடக்கும் பீடக்கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கைச் சேர்ந்தது என்று 2024-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அரக்கர்களையும் மெர்லினையும் நீக்கிவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது: எண்ணூறு வருடங்களுக்கு முன்பே நேஸ் வட்டாரத்து நெடுங்கற்கள் வெளிநாட்டுப் பயணி ஒருவர் குறித்து வைக்கும் அளவுக்குப் பேசப்பட்டவை. பஞ்செஸ்டவுன் கல்லும் அவர் சொல்லும் கற்களில் ஒன்று என்பது நியாயமான ஊகம்.

இத்தகைய கற்களையும் பழைய மண் வட்டங்களையும் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது, மாடு சாகும், கை விளங்காது என்ற அச்சம் ஐரிஷ் கிராமங்களில் ஆழமாக இருந்தது. அவை அந்த நிலத்தில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்குச் சொந்தம் என்று நம்பினார்கள். சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த நம்பிக்கை காவல் காத்தது. கலப்பையை வளைத்து ஓட்டிய விவசாயிகளுக்குத்தான் இன்று மிஞ்சியிருக்கும் கற்களுக்காக முதல் நன்றி சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டில் டிராக்டரும் மண்வாரி இயந்திரமும் வந்து, நிலத்தைச் சீர்செய்து ஒரே வயலாக்கும் வேலைகள் வேகமெடுத்தபோது, அந்த அச்சமும் குறைந்த இடங்களில் பல சின்னங்கள் ஓசையில்லாமல் காணாமல் போயின.

இடத்திலிருந்து பெயர்த்த கல்லுக்கு என்ன ஆகும் என்பதற்கு கால்வே கவுண்டியின் டூரோ கல் தெளிவான உதாரணம். நெடுங்கல் வகையைச் சேர்ந்ததில்லை, இரும்புக் காலத்தைச் சேர்ந்த, சுருள் சுருளான அலங்காரம் செதுக்கிய கிரானைட் உருண்டைக்கல் அது. அயர்லாந்தின் பழங்கலையில் அதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். முதலில் ஃபீர்வோர் என்ற மண் வட்டத்துக்கு அருகே நின்றது. 19-ஆம் நூற்றாண்டில் நில உரிமையாளர் வீட்டுப் புல்வெளியை அலங்கரிப்பதற்காக அதைப் பெயர்த்துக்கொண்டுபோய் வைத்தார்கள். 1938-ல் ஃபீர்வோரில் அகழாய்வு செய்து பார்த்தும், அந்தக் கல்லுக்கும் அங்கே கிடைத்த பொருட்களுக்கும் என்ன உறவு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கல் நின்ற குழியும் அதன் மண்ணும் முன்பே கைவிட்டுப் போயிருந்தன. கலை இருக்கிறது, அதன் கதை இல்லை.

தாராவும் அதே பாடுதான் பட்டது. அயர்லாந்தின் பழைய அரசர்கள் பட்டமேற்ற இடமாகச் சொல்லப்படும் தாரா குன்றில் நிற்கும் லீயா ஃபால் என்ற கல்லை, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கலகத்தில் அங்கே இறந்தவர்களின் நினைவாக அதன் பழைய இடத்திலிருந்து நகர்த்தினார்கள். நோக்கம் மரியாதைக்குரியது. ஆனால் பழைய இடம் கலைந்தது கலைந்ததுதான். அதே குன்றில் 1899 முதல் 1902 வரை, பிரிட்டிஷ் மக்கள் இஸ்ரேலின் தொலைந்துபோன குலத்தவர் என்று நம்பிய ஒரு குழு, பைபிளில் வரும் புனிதப் பெட்டியான உடன்படிக்கைப் பேழையைத் தேடுவதாகச் சொல்லி மண்ணைத் தோண்டிக் கிளறியது. கவிஞர் யேட்ஸ், ஐரிஷ் தேசியவாதிகளான ஆர்தர் கிரிஃபித், மாட் கான் போன்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பேழை கிடைக்கவில்லை, மண் அடுக்குகள்தான் நாசமாயின. அண்மைக் காலத்திலும் லீயா ஃபாலுக்கு நிம்மதி இல்லை. 2012-ல் யாரோ சுத்தியலால் அடித்தார்கள், 2014-ல் சிவப்பு, பச்சைப் பெயின்ட் ஊற்றினார்கள், 2023-ல் ஸ்பிரே அடித்து எழுதினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1930-ன் சட்டத்தைப் பிறகு பலமுறை திருத்தினார்கள். 1987 திருத்தம், அரசின் முன் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடி மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. 1994 திருத்தம் சின்னங்களுக்கும் தொல்லிடங்களுக்குமான பதிவேட்டைக் கொண்டுவந்தது. கவுண்டி வாரியாக வரைபடங்களும் பட்டியல்களும் தயாராயின; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அதில் ஏறியிருக்கின்றன. உங்கள் நிலத்தில் அப்படி ஓர் இடம் இருந்தால், அங்கோ அதை ஒட்டியோ எந்த வேலை செய்வதானாலும் இரண்டு மாதம் முன்பே அமைச்சருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. பதிவேட்டில் இருப்பவற்றில் ஏறக்குறைய ஆயிரம் சின்னங்கள்தான் அரசின் உடைமையில் அல்லது நேரடிப் பராமரிப்பில் இருக்கின்றன. மற்றவை தனியார் வயல்களில் இருக்கின்றன. 2023-ல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக ஒரே பெரிய பாரம்பரியச் சட்டத்தை நிறைவேற்றி, அதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள். எல்லையின் வடக்கே, வட அயர்லாந்தில் சட்டம் வேறு, பட்டியலும் வேறு.

அந்த வரைபடத்தில் ஒவ்வொரு சின்னத்தையும் சுற்றி ஒரு வளையம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் நான் முதலில் சொன்னது கண்ணுக்கே தெரியும். கல்லின் அடி ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது, வளையமோ வயலின் நல்ல ஒரு பகுதியை வளைத்துக்கொள்ளும். கல்லை நிமிர்த்த மண்ணில் சாய்வாக வெட்டிய பள்ளம், அதற்குப் பிடிமானமாகத் திணித்த சிறு கற்கள், சுற்றிலும் இருக்கக்கூடிய கல்லறைகள், மரக்கம்பங்கள் நட்டிருந்த குழிகள், உழவால் மட்டமாகிப்போன மண் கரைகள் எல்லாம் அந்த வளையத்துக்குள்தான் வரும்.

வேண்டுமென்றே செய்யும் சேதத்தைவிட அன்றாடச் சேதம்தான் பெரியது. பசுக்களுக்கு நிற்கும் கல் என்றால் கொண்டாட்டம். வந்து வந்து உரசி, சுற்றிச் சுற்றி மிதித்து, கல்லைச் சுற்றி ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிடும். அயர்லாந்து மழையில் அதில் நீர் தேங்கும். மண் இளகும், திணித்த கற்கள் நழுவும், கல் மெல்ல மெல்லச் சாயும். ஏழு மீட்டர் கல்லுக்கு ஒரு மீட்டர் வேர் என்ற கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். உழும்போது ஒவ்வொரு வருடமும் கல்லுக்கு ஓர் அங்குலம் நெருங்கிப் போவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் கல்லைச் சுற்றி உழாத விளிம்பு விடுவது, மாட்டுத் தொட்டியைக் கல்லுக்கு அருகில் வைக்காமல் இருப்பது, மிதிபட்ட பள்ளத்தை வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணால் தோண்டாமல் நிரப்புவது போன்ற எளிய வேலைகள்தான் ஒரு நெடுங்கல்லைப் பல தலைமுறைக்குக் காப்பாற்றும். விவசாயிகளுக்கான சுற்றுச்சூழல் உதவித் திட்டங்களில் இந்தப் பராமரிப்புக்கும் பணம் கொடுத்திருக்கிறார்கள். 2020 முதல் சமூகச் சின்னங்கள் நிதி என்ற பெயரில் உள்ளூர்க் குழுக்களுக்கும் உதவி கிடைக்கிறது. என் கருத்தில் அபராதத்தைவிட இந்தப் பணம் அதிகம் சாதித்திருக்கிறது.

நீங்கள் அங்கேயே இருப்பதால் கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் மட்டுமே எவருக்கும் வயலுக்குள் போகும் உரிமை வந்துவிடாது. தனியார் நிலமாக இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலான விவசாயிகள் மறுப்பதில்லை, கதையும் சேர்த்துச் சொல்வார்கள். நீங்கள் திறந்த கேட்டை மறக்காமல் மூடுங்கள், நாயைக் கூட்டிப்போகாதீர்கள். பஞ்செஸ்டவுனுக்குப் போவதானால் ஏப்ரல் கடைசியில் நடக்கும் பந்தயத் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அந்தப் பக்கம் வண்டி நகராது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் நல்லது. கல்லின் பரப்பில் உள்ள மேடு பள்ளமும், சுற்றியுள்ள தரையின் மிக லேசான ஏற்ற இறக்கங்களும் அப்போதுதான் தெரியும். கல்லின் மேல் படர்ந்திருக்கும் லைக்கன் பாசியைச் சுரண்டாதீர்கள், அதுவும் பல பத்தாண்டு வளர்ச்சி. சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம்.

உங்கள் வட்டாரத்தில் வேறு எங்கெல்லாம் இப்படிப்பட்ட கற்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டுமா? தேசியச் சின்னங்கள் சேவை இணையத்தில் வைத்திருக்கும் வரைபடத்தை இலவசமாகப் பார்க்கலாம். நேஸைச் சுற்றிப் பெரிதாக்கிப் பார்த்தாலே எத்தனை புள்ளிகள் என்று அசந்துபோவீர்கள். எங்காவது ஒரு கல் சாய்ந்தோ விழுந்தோ கிடப்பதைப் பார்த்தால் நிமிர்த்தவோ நகர்த்தவோ முயல வேண்டாம். இரண்டு மூன்று படங்கள் எடுத்து, இடத்தைக் குறித்து, தேசியச் சின்னங்கள் சேவைக்கு எழுதுங்கள். யாராவது வேண்டுமென்றே சேதப்படுத்துவதைப் பார்த்தால் உள்ளூர் கார்டா (ஐரிஷ் போலீஸ்) நிலையத்துக்கும் சொல்லுங்கள். விழுந்த கல்லின் குழி திறந்திருக்கும் சில நாட்களில் ஒரு தொல்லியலாளர் அங்கே வந்து சேர்ந்துவிட்டால், 1934-ல் பஞ்செஸ்டவுனில் கிடைத்தது போன்ற தகவல் அங்கேயும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.